ரெட் ட்வார்ஃப் மறுபடி பார்க்க: டிவிடியா, ப்ளூரேயா, ரீமாஸ்டர்ட் பதிப்பா?

அடுக்குக்கட்டில்:

வணக்கம். பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடர்களை டிஸ்க்காக வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். ரெட் ட்வார்ஃப் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும், எதை வாங்குவது? 2002ல் தொடங்கி ஒவ்வொரு சீரிஸாக வந்த டிவிடியா, 2019ல் முதல் எட்டு சீரிஸையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்த ப்ளூரேயா, இல்லை 1998ல் கிராஃபிக்ஸ் எல்லாம் புதிதாகச் செய்து வெளியிட்ட ரீமாஸ்டர்ட் பதிப்பா?

ஏன் கேட்கிறேன் என்றால், டிசம்பரில் கனடாவிலிருந்து அண்ணா வருகிறார், இரண்டு வாரம் என் வீட்டில்தான் தங்குகிறார். 1992ல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தபோது எனக்கு 14 வயது. ஈஸ்ட் ஹாமில் ஒரே அறை, ஒரு அடுக்குக் கட்டில், கீழே அண்ணா, மேலே நான். அடுத்த வருடம் அக்டோபரில் பிபிசி 2ல் சீரிஸ் 6 ஓடியபோதுதான் இந்தத் தொடரைக் கண்டுபிடித்தோம். எனக்குப் பாதி வசனம் புரியாது, அண்ணா நிறுத்தி நிறுத்தி விளக்குவார். அவர் இரவு வேலை முடிந்து காலையில் வருவார், நான் பதிவு செய்து வைத்திருப்பேன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து பார்ப்போம். விண்வெளிக் கப்பலில் இரண்டு பேர் ஒரே அறையில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாகக் கிடந்து சதா சண்டை போடுகிறார்கள் என்பது எங்களுக்கு விளக்கமே தேவைப்படாத விஷயம்.

அந்தக் கேசட்டுகளைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன், டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. ஓட்டிப் பார்க்கவே மனம் வரவில்லை. இன்னொரு விஷயம், மகளுக்கு 15 வயது, அவளும் கூட உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு சின்னத் துண்டைக் காட்டினேன், "ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது?" என்றாள். அதனால்தான் ரீமாஸ்டர்ட் பக்கம் கொஞ்சம் மனம் போகிறது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபீல்டுஆர்டர்:

அண்ணே, ரீமாஸ்டர்ட் வேண்டாம். காரணத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது என் தொழில். கோயம்புத்தூரில் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், இப்போது வருமானத்தில் பாதி பழைய கேசட்டுகளை மாற்றிக் கொடுப்பதில்தான் வருகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரெட் ட்வார்ஃபின் ஆரம்ப சீரிஸ்கள் ஸ்டுடியோவில் வீடியோ டேப்பில் பதிவானவை. 625 வரி, நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது ஒன்றுவிட்ட வரிகள் மட்டும் உள்ள அரைப் படங்கள். சினிமா மாதிரி ஃபிலிமில் எடுத்திருந்தால் நெகட்டிவைத் திரும்ப ஸ்கேன் செய்து எச்டி ஆக்கலாம், ஃபிலிமுக்குள் அந்த நுணுக்கம் ஏற்கெனவே இருக்கும். டேப்பில் பதிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு முடிகூடப் புதிதாக வெளியே வராது. கப்பல் மாடல் காட்சிகளைத் தனியாக ஃபிலிமில் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங்கில் எல்லாம் சேர்ந்து டேப்புக்குத்தான் போனது. அதனால் ப்ளூரே என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதே பழைய படத்தை 1080 வரிக்குப் பெரிதாக்கியது. பெரிதாக்குவது தப்பில்லை, நல்ல கருவி வைத்துச் செய்தால் பெரிய டிவியில் பார்க்கக் கொஞ்சம் வசதிதான். புதிய படம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

1998 விவகாரம் வேறு. சீரிஸ் 1, 2, 3 மூன்றையும் எடுத்து, நொடிக்கு 50 அசைவு இருந்ததை ஃபிலிம் போலத் தெரிய வேண்டும் என்று பதப்படுத்தி, நிறத்தை மாற்றி, சத்தங்களை மாற்றி, சில இடங்களில் வெட்டி, கப்பல் மாடலைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கப்பலைப் போட்டார்கள். அந்தக் கப்பல் பென்சில் மாதிரி நீளமாக இருக்கும். பழைய மாடல் பீட்டர் ராக் தலைமையில் பிபிசியின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆட்கள் கையால் செய்தது. முதல் எபிசோடின் தொடக்கத்தில் கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு ஆள் தனியாக நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க, காமிரா மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், கப்பலின் அளவு அப்போதுதான் தெரியும். மாடலில் நிஜ வெளிச்சம் விழுகிறது, நிஜ நிழல் இருக்கிறது. 1998 கிராஃபிக்ஸ் அன்றைக்குப் புதுசு, இன்றைக்கு அதுதான் அந்தப் பதிப்பிலேயே பழசாகத் தெரியும் பொருள்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள், "அப்பா அம்மா கல்யாணக் கேசட்டை சினிமா மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்று. ஆக்கிக் காட்டுவேன். அப்புறம் பக்கத்திலேயே அசலையும் சுத்தமாக மாற்றி ஓட்டுவேன். தாலி கட்டும் நேரத்தில் அம்மா சட்டென்று திரும்பிப் பார்ப்பது அசலில் வழுக்கிக்கொண்டு போகும், சினிமா ஆக்கியதில் திக்கித் திக்கிப் போகும். பத்தில் எட்டுப் பேர் அசலைத்தான் வாங்கிப் போகிறார்கள். ரெட் ட்வார்ஃபிலும் அதேதான். எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரிக்க, அவர்களுக்காக நடித்த நாடகம் அது. அந்த வழுக்கலான அசைவில்தான் நாமும் அதே அறையில் இருக்கிற உணர்வு வருகிறது. அதைப் பிடுங்கிவிட்டால் சிரிப்பொலி மட்டும் எங்கிருந்தோ வருகிற மாதிரி ஆகிவிடும்.

அதனால் பிரிட்டன் டிவிடி வாங்குங்கள். அமெரிக்க டிவிடி வேண்டாம், அது என்டிஎஸ்சி என்கிற அமெரிக்க டிவி முறைக்கு மாற்றியது, அசைவு கெட்டுப்போயிருக்கும். பார்க்கும்போது டிவியில் படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள், இழுத்துப் பெரிதாக்காதீர்கள், ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிவார்கள். அப்புறம் மோஷன் ஸ்மூத்திங் என்று, டிவி தானே போலிப் படங்களை இடையில் சேர்க்கும் வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

மகளுக்கு சீரிஸ் 3லிருந்து காட்டுங்கள். முதல் இரண்டும் கொஞ்சம் மெதுவாகப் போகும், செட் முழுக்கச் சாம்பல் நிறம் வேறு. சின்னப் பிள்ளைகள் பொறுமையாக உட்கார மாட்டார்கள்.

மழைக்காலநூலகம்:

டிவிடி பற்றி ஃபீல்டுஆர்டர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் சீரிஸ் 3லிருந்து தொடங்கச் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நான் மான்செஸ்டரில் படித்தவள். ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் இருந்த பிபிசி கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போவேன். முதல் மூன்று சீரிஸும் அந்தக் கட்டடத்துக்குள்தான் எடுக்கப்பட்டன என்பது எனக்குத் தெரியவந்தது நூலகத்தில் எடுத்த டிவிடியின் டாக்குமெண்டரியில்தான். பிபிசி 2011ல் சால்ஃபோர்டுக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதனால் அந்தச் சாம்பல் நிற செட்டைப் பார்க்கும்போது எனக்கு மனம் வேறு மாதிரி ஆகும். வாய்ப்பே கிடைக்காமல் அலைந்த கதை அது. ராப் கிராண்ட், டக் நெய்லர் இருவரும் எழுதியதை பிபிசி திரும்பத் திரும்ப நிராகரித்தது, கடைசியில் மான்செஸ்டர் பக்கம் வேறொரு தொடருக்கு ஒதுக்கிய பணம் மிச்சமிருந்ததால் இதற்குக் கிடைத்தது. ஒத்திகை தொடங்கிய பிறகு 1987ல் எலக்ட்ரீஷியன்கள் வேலைநிறுத்தம் வந்து படப்பிடிப்பு தள்ளிப்போனது. எல்லாம் தாண்டி 1988 பிப்ரவரி 15 அன்று முதல் எபிசோட் ஒளிபரப்பானது, அதே வருடம் செப்டம்பரில் சீரிஸ் 2ம் வந்துவிட்டது.

முதல் சீரிஸில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். கதிர்வீச்சு கசிந்து கப்பலில் எல்லோரும் செத்துப் போகிறார்கள். பூனைக்குட்டியை மறைத்து வைத்த குற்றத்துக்காகக் காலம் உறைந்த அறையில் அடைக்கப்பட்ட லிஸ்டர் மட்டும் 30 லட்சம் வருடம் கழித்து வெளியே வருகிறான். துணைக்கு இருப்பது செத்துப்போன அறைத்தோழன் ரிம்மரின் ஹோலோகிராம், அந்தப் பூனை வம்சத்தில் வந்த ஒருவன், ஹோலி என்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று ஹோலி சொல்கிறது. லிஸ்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி அவருமா, அவருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்தக் காட்சிக்கு ஸ்டுடியோவில் சிரிப்பு வெடிக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு லிஸ்டராக நடித்த க்ரேக் சார்ல்ஸ் முகத்தை மட்டும் பாருங்கள், தூரத்து ஊரிலிருந்து போன் வந்து செய்தி கேட்கிறவனின் முகம் அது. 22 வயசோ 23 வயசோதான் அவருக்கு அப்போது, லிவர்பூலில் கவிதை வாசித்துக்கொண்டிருந்தவர், நடிப்பு அனுபவம் கிடையாது.

அப்புறம் அந்த சீரிஸின் கடைசி எபிசோட். ரிம்மர் சாகும்போது கடைசியாகச் சொன்ன வார்த்தை ஒரு சூப்பின் பெயர். ஏன் என்று லிஸ்டர் துருவித் துருவிக் கேட்கிறான். கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிட வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அழைப்பு வந்தது, காஸ்பாச்சோ சூப் வைத்தார்கள், அதைக் குளிர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது தெரியாமல் ஆறிப்போயிருக்கிறது, சூடாக்கிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டான், மேசை முழுக்கச் சிரித்தது. அந்த அவமானத்தைச் சாகும்வரை, செத்த பிறகும் சுமக்கிறான். புது ஊருக்கு வந்து, எந்தக் கரண்டியை எதற்கு எடுப்பது என்று பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர். ரிம்மராக நடித்த க்ரிஸ் பேரி அதைச் சொல்லும் இடத்தைத் தவறவிட்டுவிட்டு சீரிஸ் 3க்குப் போனால் ரிம்மர் வெறும் எரிச்சல் பிடித்த ஆளாகத்தான் தெரிவான். 15 வயதுப் பெண்ணுக்கு அது கண்டிப்பாகப் புரியும். அந்த வயதில் அவமானம் புரிகிற அளவுக்கு வேறு எதுவும் புரியாது.

டிவிடி வாங்கச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, சீரிஸ் 3 ஆரம்பத்தில் ஒரு எழுத்துச் சுருள் வரும், ஞாபகம் இருக்கிறதா? சீரிஸ் 2 முடிவில் லிஸ்டர் கர்ப்பமாகிவிடுகிறான், சீரிஸ் 3 தொடங்கும்போது பார்த்தால் ஹோலிக்கு வேறு முகம், நார்மன் லவெட் போய் ஹாட்டி ஹேரிட்ஜ் வந்துவிட்டார், க்ரைட்டன் என்கிற ரோபோ நிரந்தரமாகக் கப்பலில் இருக்கிறான், செட்டே மாறிவிட்டது. நடுவில் நடந்ததை எல்லாம் கண்ணால் பிடிக்கவே முடியாத வேகத்தில் மேலே ஓடவிட்டார்கள். வீடியோவில் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் படிக்கிறவர்களுக்காகவே செய்த வேலை அது. கேசட்டில் நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே கோடு விழும். டிவிடியில் நிறுத்தினால் வரி வரியாகப் படிக்கலாம். அண்ணா வந்ததும் அதை முதலில் செய்யுங்கள்.

திருவான்மியூர்க்காற்று:

எல்லோருக்கும் வணக்கம், நான் சென்னை, 26 வயது, இந்தத் தொடரை இரண்டு வருடம் முன்புதான் பார்த்தேன். ஊரில் இருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஸ்க் எந்தப் பகுதி ப்ளேயரில் ஓடும் என்பதற்கு ரீஜன் எண் உண்டு: பிரிட்டன் டிவிடி ரீஜன் 2, நம்மூர் ப்ளேயர் ரீஜன் 5. ப்ளேயரில் ரீஜன் பூட்டைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ப்ளூரேயிலும் நாம் சி, பிரிட்டன் பி.

பழைய டிஸ்க் வாங்கினால் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கிய பெட்டியில் சீரிஸ் 5ன் எபிசோட் டிஸ்க்கே இல்லை. 'பேக் டு ரியாலிட்டி' எபிசோடுக்காகத்தான் வாங்கினேன். கேட்டதற்குப் பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு இடத்தில் தனியாக வாங்கினேன். காத்திருந்தது வீண் போகவில்லை, இத்தனை வருடமும் ஒரு வீடியோ கேமுக்குள்தான் இருந்தீர்கள், விளையாட்டு முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லும் இடத்தில் நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

மழைக்காலநூலகம் அக்கா சொன்னதுதான் சரி, முதலிலிருந்து பாருங்கள். அந்த சாம்பல் நிறம் எனக்குப் பிடித்திருந்தது. பீர் டப்பாகூடச் சாம்பல்.

அடுக்குக்கட்டில்:

எல்லோருக்கும் நன்றி. பிரிட்டன் டிவிடிதான் வாங்கினேன், சீரிஸ் 1 முதல் 8 வரை, 52 எபிசோடும். அண்ணா வந்து ஆறு நாள் ஆகிறது. முதலிலிருந்துதான் தொடங்கினோம்.

ஃபீல்டுஆர்டர், 4:3 வைத்ததும் இரண்டு பக்கமும் கறுப்பு வந்தது, மகள் முதலில் முகம் சுளித்தாள், பத்து நிமிடத்தில் மறந்துவிட்டாள். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்ததும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. நீங்கள் சொன்ன அந்த வழுக்கலான அசைவு, ஈஸ்ட் ஹாமில் எங்கள் சின்ன டிவியில் பார்த்த அதே அசைவு.

சூப் கதை வந்தபோது மகள் சிரிக்கவில்லை. "பாவம் அப்பா அவன்" என்றாள். அத்தோடு நாளைக்கு எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்றும் கேட்டாள்.

சீரிஸ் 3 தொடங்கியதும் எழுத்துச் சுருளை நிறுத்தினோம். அண்ணாவுக்கு இப்போது கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. எழுந்து டிவிக்குக் கிட்டப் போய் நின்று, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, அந்த நாளில் செய்த மாதிரியே தமிழில் விளக்கினார். இத்தனைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவள் இங்கேயே பிறந்தவள், அவளுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனாலும் அவள் அவரை நிறுத்தவில்லை.

நேற்று 'மரூன்ட்' பார்த்தோம். லிஸ்டரும் ரிம்மரும் ஸ்டார்பக் என்கிற சிறிய கப்பலில் பனிக்கிரகத்தில் மாட்டிக்கொள்ளும் எபிசோட். பாதிக்கு மேல் வேறு ஆளே இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், குளிருக்கு எரிக்க ஒவ்வொரு பொருளாகத் தேடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது லிஸ்டரின் கிடாரும் ரிம்மருக்கு அவன் அப்பா கொடுத்த கற்பூர மரப் பெட்டியும். லிஸ்டர் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் கிடார் வடிவத்தில் ஒரு துண்டை அறுத்து எடுத்து, கிடாரையே எரித்துவிட்டது போலக் காட்டிவிடுகிறான். ரிம்மர் அந்தத் தியாகத்தை நம்பி நெகிழ்ந்து, தான் உயிராக வைத்திருந்த நெப்போலியன் காலத்து பொம்மைச் சிப்பாய்களை எடுத்து எரிக்கச் சொல்லிவிடுகிறான். அந்த இடத்தில் லிஸ்டர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். 1989ல் எடுத்த வீடியோ டேப், பின்னணியில் ஒன்றுமே இல்லை, அவன் கண் எங்கே போகிறது என்பது இவ்வளவு பெரிய டிவியில் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

முடிந்ததும் அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ குளிரில் நடுங்குகிறாய் என்று என் கம்பளியை மேலே தூக்கிப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். முப்பது வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை.

மழைக்காலநூலகம், நடிகர்கள் படம் ஓட ஓடப் பேசும் கமெண்டரியை இன்னும் தொடவில்லை, அண்ணா ஊருக்குப் போன பிறகு தனியாகக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன். சீரிஸ் 7க்கு எதிரே ஆட்களை வைக்காமல் எடுத்து, முடித்த எபிசோடைப் பிறகு போட்டுக் காட்டிச் சிரிப்பைப் பதிவு செய்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த சீரிஸ் ஏன் கொஞ்சம் விலகி நிற்கிற மாதிரி இருந்தது என்று அந்த நாளில் அண்ணாவோடு வாதாடியிருக்கிறேன்.

இன்று இரவு சீரிஸ் 4, 'டிஎன்ஏ' வரை போய்விடுவோம், லிஸ்டரின் விண்டாலுக் கறி மிருகமாக மாறி அவனையே துரத்தும் எபிசோட். மகள் காலையிலேயே சொல்லிவிட்டாள், சாப்பாடு டிவி முன்னால்தான் என்று. என் மனைவி ஆட்டிறைச்சி வாங்கி வந்திருக்கிறார், அண்ணா மிளகாய்த்தூளைத் தானே வறுத்து அரைக்கிறேன் என்று அடுப்படியில் நிற்கிறார், தும்மல் சத்தம் இங்கே கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன்.